தாய்மாமன் மடிக்கு நாற்பது நாள் யோகா

விளாங்குடி,
ஆடி 28, புதன்கிழமை.

பேரையூர் மாப்பிள்ளை ஜெயபாண்டி சமூகத்துக்கு,

விளாங்குடியிலிருந்து உன் மச்சான் ஷேர் ஆட்டோ மலையாண்டி எழுதிக்கொண்டது. இங்கே என் வீட்டுக்காரி கனகலட்சுமி சுகம், ஆட்டோ சுகம். என் இடது முட்டி சுகமில்லை, வலது முட்டி அதைவிடச் சுகமில்லை. அங்கே என் தங்கச்சி தமிழ்ச்செல்வி, என் மருமகள் பாப்பா, உன் வீட்டு இரண்டு எருமைகள், எல்லோரும் சுகமா? உன் சுகத்தை இந்தத் தடவை விசாரிக்கவில்லை. கோபத்தில் இருக்கிறேன். அத்தை மகன் என்கிற உரிமையை மூட்டை கட்டி வைத்துவிட்டு, கடிதம் முழுக்க 'நீங்கள், உங்கள்' என்று எழுதி உன்னைத் தலைகுனிய வைக்க வேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன். முதல் வரியிலேயே 'உன்' வந்து விழுந்துவிட்டது. போகட்டும். போனில் பேசினால், உனக்கு வலிக்கிற இடம் வந்ததும் "சிக்னல் இல்ல மச்சான்" என்று வைத்துவிடுவாய். கடுதாசிக்குச் சிக்னல் தேவையில்லை. கடைசி வரைக்கும் படித்துத்தான் ஆகணும்.

ஆனி இருபதாம் தேதி நீ எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாய். நான் அதை அழிக்கவில்லை. தினமும் காலையில் பல் விளக்குவதற்கு முன்னால் ஒரு தடவை கேட்கிறேன், அப்போதுதான் அன்றைக்குக் கோபம் சரியாகப் பிடிக்கிறது. "மச்சான், பாப்பாவுக்கு ஆவணி ரெண்டாவது ஞாயித்துக்கெழம நம்ம கோயில்ல காதுகுத்து. ஒங்களுக்குத்தான் சம்மணம் போட வராதே, பாவம், எதுக்கு ஒங்களச் செரமப்படுத்திக்கிட்டு? நம்ம விக்ரமை மடியில வச்சுக்கிறச் சொல்லிருவோம். நீங்க பந்தலுக்கு வெளியில ஒரு சேரப் போட்டு நல்லாச் சாஞ்சு ஒக்காந்து பாருங்க." பந்தலுக்கு வெளியே! சேர்! அதிலும் சாய்ந்து! நான் என்ன மாப்ள, காதுகுத்துப் பார்க்க வந்த வேற்றூர்க்காரனா? விக்ரம் எங்கள் சித்தப்பா மகன், அவனும் மாமன் முறைதான், நான் இல்லையென்று சொல்லவில்லை. அவனுக்கு இருபத்து நாலு வயசு, ஜிம்முக்குப் போய் முறுக்கின உடம்பு, பஸ் படிக்கட்டில்கூட மடங்கி உட்கார்ந்துவிடுவான். அதுக்காக? தாய்மாமன் மடி என்ன பஸ் சீட்டா, ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டவன் உட்கார்ந்துகொள்ள? நம் கோயிலில் சாமி தரையோடு தரையாக இருக்கிறது, அதற்கு மேலே உயரமாக எவனும் உட்காரக் கூடாது, மாமன் ஜமுக்காளத்தில் சம்மணம் போட்டுத்தான் பிள்ளையை மடியில் வாங்கணும், அதெல்லாம் எனக்கும் தெரியும். மாசியில் நடந்த கிடாவெட்டில் ஊரே தரையில் பந்தி உட்கார்ந்திருக்க, எனக்கு மட்டும் சேரைப் போட்டு, இலையைக் கையில் கொடுத்து, "மச்சானுக்கு மாடியில பந்தி" என்று சொன்னவன் நீதான். அன்றைக்குச் சிரிக்க ஆரம்பித்தவர்கள் இன்னும் சிரித்து முடிக்கவில்லை.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் அம்மாவுக்குக் கூடப்பிறந்த ஆண்பிள்ளை கிடையாது. என் தங்கச்சிக்குக் காது குத்தும்போது மடிக்கு ஆளில்லாமல், உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து எவரோ ஒரு தூரத்து உறவைப் பிடித்து உட்கார வைத்தார்கள். அந்த மனுசன் முகத்தைப் பிள்ளை அதுக்கு முன்னால் பார்த்ததே இல்லை. ஐந்து வயசுப் பிள்ளை அவர் மடியில் நெளிந்துகொண்டு, "அண்ணே, நீ வச்சுக்கண்ணே, நீ வச்சுக்கண்ணே" என்று கத்தியது. அண்ணன் மடி முறையாகாது என்று என்னைத் தள்ளி நிற்க வைத்துவிட்டார்கள். "அழாதத்தா, ஒம் பிள்ளைக்கு எம் மடிதான்" என்று அன்றைக்குச் சொன்னேன். சொல்லி முப்பத்தோரு வருஷம் ஆகிறது. அந்த மடியைத்தான் நீ ஒரு வாய்ஸ் மெசேஜில் தூக்கி விக்ரமுக்குக் கொடுத்துவிட்டாய்.

இதைக் கனகலட்சுமியிடம் சொன்னால் ஆறுதல் சொல்வாள் என்று நினைத்தேன். "அந்தத் தம்பி சொன்னதுல என்ன தப்பு? நீங்க தரையில ஒக்காந்து நான் பாத்தே பத்து வருசமாச்சு" என்றாள். இருந்தாலும் அவள்தான் போனில் தேடி, முட்டி மடங்காதவர்களுக்கான வீட்டு யோகா, நாற்பது நாளில் சம்மணம் என்று ஒரு வீடியோவைக் கண்டுபிடித்துக் கொடுத்தாள். அதில் ஒரு டீச்சரம்மா வருகிறார். ஒல்லியாக, சிரித்த முகமாக, எலும்பெல்லாம் கழற்றி வைத்துவிட்டு வந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறார். முதல் நாளே, "உங்கள் உடம்பு உங்கள் நண்பன், அதனிடம் அன்பாகப் பேசுங்கள்" என்றார். நானும் என் முட்டியிடம் தம்பி, ராசா என்றெல்லாம் பேசிப் பார்த்தேன். அது மறுவார்த்தையாக 'மடக்' என்றது, அதோடு சரி. தளர்வான உடை போட்டுக்கொள்ளுங்கள் என்றார். கைலியைவிடத் தளர்வான உடை இந்த உலகத்தில் உண்டா? மல்லாந்து படுத்துக் காலைத் தலைக்கு மேலே கொண்டுபோகச் சொன்னார், கொண்டுபோனேன், கால் வருவதற்கு முன்னால் கைலி வந்து முகத்தை மூடிக்கொண்டது. "மொதல்ல கதவச் சாத்துங்க, தெருவே யோகா கத்துக்கிருச்சு" என்று கனகலட்சுமி சத்தம் போட்டாள். அடுத்த நாளிலிருந்து அரைக்கால் டவுசர். ஐம்பத்திரண்டு வயசில் என்னை டவுசர் போட வைத்துவிட்டாய், அதையும் எழுதிக்கொள்.

அப்புறம் பட்டாம்பூச்சி ஆசனம். இரண்டு உள்ளங்காலையும் ஒட்டவைத்து, கையால் பிடித்துக்கொண்டு, முட்டியை மேலும் கீழும் அசைக்கணும். டீச்சரம்மா செய்தால் பட்டாம்பூச்சிதான். நான் செய்ததைப் பார்த்துவிட்டு, "கோழி மண்ணுல குளிக்கிற மாதிரில்ல இருக்கு" என்றாள் கனகலட்சுமி. பன்னிரண்டாம் நாள் அந்த ஆசனத்தில், "மூச்சை உள்ளே இழுத்து நிறுத்துங்கள், நான் சொல்லும் வரைக்கும் விட வேண்டாம்" என்றார் டீச்சரம்மா. நிறுத்தினேன். அந்த நேரம் பார்த்து விளம்பரம் வந்துவிட்டது. ஒரு மனுசன் வீட்டுச் சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிறான். விளம்பரத்தைத் தள்ளிவிடலாம் என்றால் இரண்டு கையும் காலைப் பிடித்திருக்கிறது, விட்டால் கால் தெறித்துப் போய் டிவி ஸ்டாண்டில் அடிக்கும். அவனோ நிதானமாக முதல் கோட் அடிக்கிறான். பெண்டாட்டி வந்து பார்க்கிறாள். இரண்டாவது கோட் அடிக்கிறான். எனக்குக் கண் பிதுங்குகிறது. அது முடிந்து, இதோ டீச்சரம்மா வந்துவிட்டார், வாயைத் திறந்துவிட்டார், 'விடுங்கள்' என்று சொல்லப்போகிறார் என்று நான் பார்த்துக்கொண்டிருக்கும்போது படம் மறைந்து போன் அடிக்கிறது. யார்? நீ! கனகலட்சுமி எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். "ஒன்னுமில்லக்கா, சும்மாதான், மச்சான் சாப்ட்டாரா?" சாப்பிட்டாராவா? மச்சான் மூச்சு விட்டாரா என்று கேள் ஐயா! முதுகில் நாலு குத்து குத்தித்தான் மூச்சைத் திரும்ப வரவழைத்தாள். அந்தக் குத்தில் இரண்டு குத்து பழைய பாக்கி என்று எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

வீட்டில் மட்டும் செய்தால் போதாது, கிடைத்த நேரத்தில் எல்லாம் காலை மடக்கிப் பழகுங்கள் என்று டீச்சரம்மா சொன்னதை நம்பி, தல்லாகுளம் சிக்னலில் சிகப்பு விழுந்ததும் வலது காலைத் தூக்கி ஆட்டோ சீட்டில் மடக்கிவைத்தேன். அதிசயமாக மடங்கிவிட்டது. சந்தோஷத்தில் ஸ்டியரிங்கையே கும்பிட்டேன். பச்சை விழுந்தது. கால் வரவில்லை. வயிற்றுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவில் ஆப்பு மாதிரி இறங்கிவிட்டது. பின்னால் பஸ்காரன் ஹாரன் அடிக்கிறான், பைக்கெல்லாம் இரண்டு பக்கமும் திட்டிக்கொண்டே போகிறது. உள்ளே உட்கார்ந்திருந்த அம்மா, "அண்ணே, வண்டிய எடுங்க" என்றது. "இருங்கம்மா, காலு வரணும்" என்றேன். "எங்கருந்து வரணும்?" என்று கேட்டது. மாப்ள, முப்பது வருஷமாக வண்டி ஓட்டுகிறேன், இப்படி ஒரு கேள்வியை எந்தச் சவாரியும் கேட்டதில்லை. அதற்குள் இன்னொரு தடவை சிகப்பு விழுந்து, இன்னொரு தடவை பச்சையும் விழுந்தது. இப்போது ஸ்டாண்டில் எனக்குப் பெயர் சாமியார்.

இதெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். முப்பத்தைந்தாம் நாள் சம்மணம் வந்துவிட்டது. வந்துவிட்டது என்றால் சும்மா இல்லை, இரண்டு முட்டியும் தரையைப் பார்த்துக் கும்பிடு போடுகிற சம்மணம். ஆனால் வெறும் மடியோடு உட்கார்ந்தால் போதுமா? பிள்ளை உட்காரணும், ஆசாரி குத்தும்போது துள்ளும், அதையும் தாங்கணும். பாப்பா பதினேழு கிலோ என்று தங்கச்சி சொன்னாள். வீட்டில் இருபத்தைந்து கிலோ அரிசிச் சிப்பம் ஒன்று இருந்தது, கொஞ்சம் கூடுதலாகவே பழகுவோம் என்று அதைத் தூக்கி மடியில் வைக்கச் சொன்னேன். கனகலட்சுமி சும்மா வைக்கவில்லை. அரிசிப் பைக்கு ஒரு துண்டைக் கட்டி, பொட்டு வைத்து, "ஆசாரி வாரேன், பிள்ளையக் கெட்டியாப் பிடிங்க" என்று சொல்லிக்கொண்டே தீக்குச்சியை எடுத்துக்கொண்டு வந்தாள். குத்துகிற மாதிரி குத்திவிட்டுப் பையைப் பிடித்து உலுக்குகிறாள், "பாப்பா துள்ளுது! பாப்பா துள்ளுது! தலையப் பிடிங்க!" நான் பையைக் கட்டிக்கொண்டு, "அழாதத்தா, முடிஞ்சிருச்சு, மாமன் இருக்கேன்ல" என்கிறேன். மாப்ள, அப்போதுதான் பக்கத்து வீட்டு மரியம் பீவி கறிவேப்பிலை கேட்டு வந்து வாசலில் நின்றது. டவுசரோடு நான், மடியில் பொட்டு வைத்த அரிசிச் சிப்பம், தீக்குச்சியோடு கனகலட்சுமி.

"அண்ணே, அரிசிக்கா காது குத்துறீங்க?" என்றது.

"ஒத்திகைம்மா" என்றேன்.

"எத்தனாவது காது?"

இருபத்தைந்து கிலோவுக்கு இரண்டு காதுதான் என்று கனகலட்சுமி விளக்கம் சொல்கிறாள், மரியம் பீவி வாசப்படியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறது, இவள் சிரிக்கிறாள், சிரித்த சிரிப்பில் கை பலமாகப் பட்டுப் பையின் தையல் விட்டு அரிசி முழுக்க என் மடியில் கொட்டி, டவுசருக்குள் இறங்கி, ஹால் எல்லாம் ஓடியது. அப்போதும் நான் சம்மணத்தைக் கலைக்கவில்லை. இதை நீ கவனிக்கணும். மரியம் பீவி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "எங்க வீட்டுக்காரரு அறுபத்திரெண்டு வயசுல அஞ்சு வேளையும் காலை மடக்குறாரு, வீடியோவெல்லாம் பாக்குறதில்லண்ணே. ஆனா ஒங்க மாதிரி அரிசிய மடியில வச்சுக்கிட்டு மடக்கச் சொன்னா அவரால ஆகாது" என்றது. கேட்டாயா? பக்கத்து வீட்டுக்காரிக்குத் தெரிகிற என் அருமை, எங்கள் வீட்டில் பொண்ணு எடுத்த உனக்குத் தெரியவில்லை.

இன்றைக்கு நாற்பதாம் நாள். மத்தியானம் ஒன்றரை மணிக்கு உட்கார்ந்தேன். இந்தக் கடிதத்தை ஆரம்பத்திலிருந்து இந்த வரி வரைக்கும் சம்மணம் போட்டபடிதான் எழுதிக்கொண்டிருக்கிறேன், நடுவில் ஒரு தடவைகூடக் கால் மாற்றவில்லை. இதற்கு மேல் உனக்கு என்ன சாட்சி வேண்டும்? ஆகையினால் ஜெயபாண்டி, நான் சொல்வதைக் கேட்டுக்கொள். ஆவணி இரண்டாவது ஞாயிறு பாப்பா என் மடியில்தான் உட்காரும். பந்தலுக்கு உள்ளேயும் சரி வெளியேயும் சரி, ஒரு சேர் என் கண்ணில் படக் கூடாது. விக்ரம் அந்தக் கோயில் எல்லைக்குள்ளேயே காலெடுத்து வைக்கக் கூடாது. அவனை அங்கே பார்த்தேன், வாங்கி வைத்திருக்கிற தோட்டோடும் சீர்த்தட்டோடும் அப்படியே வண்டியைத் திருப்பிவிடுவேன். மாமன் இல்லாமல் காது குத்திய பெருமை உனக்கு வரட்டும். இது சத்தியம்.

தங்கச்சியிடம், அண்ணன் சொன்ன சொல்லை மறக்கவில்லை என்று சொல்லு. மருமகளுக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம், இரண்டு காதிலும் முத்தம், காதுக்கு முன்கூட்டியே. அத்தைக்கு என் கும்பிடு. எருமைகளையும் கேட்டதாகச் சொல். நீயும் நல்லா இரு, ஆனால் நான் வந்து சேருகிற வரைக்கும் ரொம்ப நல்லா இருக்க வேண்டாம்.

இப்படிக்கு,
சம்மணத்துடன்,
உன் மச்சான்
சொ. மலையாண்டி

பி.கு.: மாப்ள, கவரை எடுத்து ஒட்டலாம் என்று பார்த்தேன். கவர் அலமாரியில் இருக்கிறது, நான் தரையில் இருக்கிறேன். ஒரு விஷயத்தை மேலே எழுதாமல் விட்டுவிட்டேன். இந்த நாற்பது நாளும் உட்கார்ந்தது மட்டும்தான் என் சாமர்த்தியம். தினமும் ஒரு கையைக் கனகலட்சுமியும் இன்னொரு கையை மரியம் பீவியின் வீட்டுக்காரர் முகைதீன் பிச்சை அண்ணனும் பிடித்துத்தான் தூக்கி விடுகிறார்கள். எழுந்திருப்பதைப் பற்றி வீடியோவில் ஒரு வார்த்தைகூட இல்லை. டீச்சரம்மாவுக்கு எழுதிக் கேட்டோம், ஒரு தாமரைப்பூப் படம் அனுப்பினார். இப்போது இவள் காய் வாங்கப் போயிருக்கிறாள், அவர் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார், மணி ஆறாகிறது, இடுப்புக்குக் கீழே எனக்கு எந்தத் தகவலும் இல்லை. காது குத்தி முடித்துப் பாப்பா இறங்கின பிறகு, நான் சாமிக்கு எதிரே இன்னொரு சாமியாக உட்கார்ந்திருக்க முடியாது. அதனால் விக்ரமைக் கட்டாயம் வரச் சொல்லு. வரவில்லை என்றால் கையோடு இழுத்துக்கொண்டு வா. ஜிம்மில் நூறு கிலோவைத் தலைக்கு மேலே தூக்குகிறானாமே, நான் தொண்ணூற்று மூன்றுதான். என் முதுகுக்குப் பின்னாலேயே நிற்கட்டும். யாராவது கேட்டால், இளைய மாமன், மரியாதைக்கு நிற்கிறான் என்று சொல்லிக்கொள்வோம். பாப்பா என் மடியில், அப்புறம் நான் அவன் கையில்.