வாஷர் யார் பக்கம்?

"உயிரே போனாலும் அடுத்த பிரிவுக்காரன் வேலையில என் விரல் நகம்கூடப் படாது!" என்று சங்கக் கூட்டத்தில் மேஜையைக் குத்தி முழங்கினாரே தண்டவாளப் பிரிவுத் தலைவர், அவர்தான் நான் சொல்லவந்த 'எல்லைக்காவலர்' இனத்தின் அசல் மாதிரி. இந்த இனத்துக்கு வேலை செய்யத் தெரியாது என்று எண்ணிவிடாதீர்கள். நன்றாகத் தெரியும். அது யாருடைய வேலை என்பது அதைவிட நன்றாகத் தெரியும்.

தண்டவாளத்தோடு சிக்னல் ஒயரைச் சேர்க்கும் இடத்தில் ஒரு போல்ட், ஒரு நட்டு. இரண்டு பிரிவும் கொடி பிடித்து, கோஷம் போட்டு, தொண்டை கட்டி, கடைசியில் போல்ட் தண்டவாளக்காரருக்கு, நட்டு சிக்னல்காரருக்கு என்று பாகப்பிரிவினை ஆனது. அன்றிலிருந்து இவர் பிடிக்க, அவர் திருக. சுபம்.

நேற்று ஒயர் கழன்றது. சிக்னல் சிவப்பிலேயே நின்றது, ரயிலும் நின்றது. தலைவரும் சிக்னல்காரரும் ஸ்பானரோடு வந்து குனிந்தால், போல்ட்டுக்கும் நட்டுக்கும் நடுவே இருக்கவேண்டிய வளையம், அந்த வாஷர், ஜல்லிமேல் கிடக்கிறது. ஒப்பந்தத்தில் வாஷர் இல்லை!

"எடுத்து மாட்டுங்கண்ணே," என்றார் சிக்னல்காரர்.

"நானா? அது நட்டுக்குச் சொந்தம்ப்பா."

"போல்ட்டு அதுக்குள்ள புகுந்துதானே வருது? உங்க வீட்டுப் பிள்ளைதான்."

தலைவரின் போன் அலறியது. நின்ற ரயிலிலிருந்து மகள். "அப்பா, இன்டர்வியூவுக்கு லேட்டானா உள்ளயே விடமாட்டாங்கப்பா! ரெண்டு வருஷம் கழிச்சு வந்த கார்டு."

"நம்ம மேல தப்பில்லம்மா. வாஷர் அவங்க பக்கம்."

"அப்ப அந்த வாஷரையே மகளா வச்சுக்குங்க!"

மகள் போனைத் துண்டித்தாள்.

சிரிக்கிறீர்களா? அடுப்பில் பால் பொங்கும்போது "வெச்சவங்க வந்து இறக்கட்டும்" என்று பேப்பரைப் புரட்டுகிறவர் உங்கள் வீட்டில் யார்? பக்கத்தில் யாரையும் பார்க்காதீர்கள், கண்ணாடியைப் பாருங்கள்.

சிக்னல்காரர் அதிகாரிக்குப் போன் செய்ய சிக்னல் அறைக்குப் போனார். தலைவர் இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார். செருப்பு வாரைச் சரிசெய்கிறவர்போல் குனிந்தார்.

சிக்னல் பச்சையானது. ரயில் கூவிக்கொண்டு கடந்தது.

ஓடிவந்த சிக்னல்காரர் வாயைப் பிளந்தார். "யாருண்ணே மாட்டினது? நட்டும்ல இறுகியிருக்கு!"

"எங்க ஆள் எவனும் தொடல. நானே சாட்சி," என்ற தலைவர், கிரீஸ் அப்பிய கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.