கீழ்க்கட்டில் ஜமீன்

உட்கார்ந்த இடத்தையெல்லாம் சொந்தமாக்கிக்கொள்ளும் இனம் ஒன்று உண்டு. கம்பெனி பஸ்ஸில் இரண்டு நாள் ஒரே ஜன்னலோரம் கிடைத்தால் போதும்; மூன்றாம் நாள் அங்கே வேறொருவர் இருந்தால், வீடு புகுந்து திருடியவனைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள்.

சவூதியில், ஜுபைல் லேபர் கேம்ப்பில், எங்கள் ஆறு பேர் ரூமில், இந்த இனத்தின் தலைமகன் பைப் ஃபிட்டர் சோலையப்பன். ஏசி காற்று நேராக இறங்கும் கீழ்க்கட்டில் அவருடையது. பழைய கேம்ப் பாஸ் வாய்வார்த்தையாகக் கொடுத்தது. மனிதருக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது, மேல்கட்டிலுக்கு ஏற முடியாது. அதை வெளியே சொல்வாரா? சொன்னால் இரக்கமல்லவா கிடைக்கும்! அவருக்கு வேண்டியது உரிமை.

உரிமைக்கு முன்னுதாரணம் போனில் பார்த்த ஒரு வீடியோவில் கிடைத்தது. கலிஃபோர்னியா மெக்சிகோவின் கையில் இருந்த காலத்தில், மாடு மேய்க்க ஆயிரக்கணக்கான ஏக்கரை மானியமாகக் கொடுத்தார்களாம், குதிரைமேல் போய்க் கயிறு போட்டு அளந்தார்களாம், ஓடையும் ஓக் மரமும்தான் எல்லையாம், கையால் வரைந்த படம்தான் பத்திரமாம். டூட்டி முடிந்து வந்தால் தினமும் இந்தக் கதைதான். கடைசியில் அரிசிப்பெட்டி அட்டையில் அவரே படம் வரைந்து சுவரில் ஒட்டினார்: வடக்கே ஏசி, தெற்கே ஃபிரிட்ஜ், மேற்கே வாளி, கிழக்கே எங்கள் ரூம் யாழ்ப்பாணத்துக் கிருபன் கழற்றிப்போடும் சப்பாத்து.

அந்த வீடியோவின் பின்பாதியை நான் பார்த்தேன், அவர் பார்க்கவில்லை. கலிஃபோர்னியா அமெரிக்காவின் கைக்கு வந்ததும், கொடுத்ததற்கு ஆதாரம் எங்கே என்று கேட்டார்கள். வருஷக்கணக்காக வழக்காடியே பலர் நிலத்தை இழந்தார்கள்.

எங்களுக்கும் புது கேம்ப் பாஸ் வந்தார், கௌஸ் முகம்மது. கட்டில்களைப் புதிதாகப் பிரிக்கப்போவதாகச் சொன்னார். சோலையப்பன் அட்டையை நீட்டினார். கௌஸ் முகம்மது பொறுமையாகப் படித்துவிட்டு, கிழக்கு எல்லை எங்கே என்று கேட்டார். கிழக்கு எல்லை கிருபனோடு லீவில் யாழ்ப்பாணம் போயிருந்தது. பழைய பாஸ் கொடுத்ததற்குச் சாட்சியும் அவன்தான்.

கௌஸ் முகம்மது நல்ல மனிதர். சோலையப்பன் நொண்டுவதைக் கவனித்திருக்கிறார்.

"முட்டி வலின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க பாய். கீழ் கட்டிலை இப்பவே உங்க பேர்ல எழுதித் தர்றேன்."

நாங்கள் கண்ணால் கெஞ்சினோம்.

"நீங்க புதுசா ஒண்ணும் தர வேணாம் சார். இது எனக்கு முன்னாடியே குடுத்தது."

"அப்ப கலாஸ், முடிஞ்சுது," என்று கீழ்க்கட்டிலுக்கு மேல்கட்டில் சுரேஷ்குமாரின் பெயரை எழுதிவிட்டுப் போனார் அவர்.

இப்போது சோலையப்பன் ஒவ்வொரு படியிலும் முனகிக்கொண்டு மேலே ஏறுகிறார். அட்டையையும் மேலே ஒட்டிவிட்டார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நீங்கள் சாய்ந்துகொண்டு இதைப் படிக்கிறீர்களே, அந்த இடத்தை உங்களுக்கு யார் கொடுத்தார்கள்? எழுத்தில் இருக்கிறதா? கொஞ்சம் எழுந்திருங்கள், நான் உட்கார்ந்துகொள்கிறேன்.

ஏன் முறைக்கிறீர்கள்?