பெரியவுகளுக்கு விழுந்த ஒரே ஓட்டு

திருநெல்வேலி டவுண்,
24 அக்டோபர் 1912

சென்னையில் வக்கீல் குமாஸ்தாவாக விளங்கும் அத்தான் அம்பலவாணன் அவர்களுக்கு, தங்கள் தங்கை கோமுவின் புருஷனும் நகர சுத்தக் கட்சியின் காரியதரிசியுமான சிவசண்முகம் அநேக வந்தனம் சொல்லி எழுதுவது. நெல்லையப்பர் கிருபையால் இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் மாமா, அதாவது தங்கள் தகப்பனார், மூன்று நாளாகச் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார்கள்.

ஏழு பேர் கொண்ட நம் கட்சிக்கு முனிசிபல் தேர்தலில் ஒரு இடமாவது கிடைக்க, ஊரே கைகூப்புகிற ஆளை நிறுத்து என்று தாங்கள்தானே யோசனை எழுதினீர்கள்? கீழ ரதவீதியில் மாமாவிடம் பாடம் படித்துப் பிரம்படி வாங்காத ஓட்டர் உண்டா? ஆகவே தங்கள் தகப்பனாரையே நிறுத்தினேன். எதிரி காண்டிராக்டர் அம்மையப்பன். தெருவில் சாக்கடைக்குத் தோண்டி அப்படியே போட்டுவிட்டுப் போனவன். அதில் விழுகிறவர்கள் எல்லோரும் அவன் பேரைச் சொல்லித் திட்டிக்கொண்டேதான் எழுந்திருக்கிறார்கள். வீடு வீடாகப் போனேன். அறுபத்திரண்டு பேர் மாமாவுக்கென்று கையடித்துக் கொடுத்தார்கள்.

ஓட்டை அதிகாரியிடம் வாயால் சொல்ல வேண்டும். அங்கேதான் எனக்குத் தலைகால் புரியாமல் போயிற்று. முதலில் ஜவுளிக்கடை சிவசைலம் அண்ணாச்சி போய், "எங்க பெரியவுகளுக்கு" என்றார். அதிகாரி வெளியூர்க்காரர். பேரைச் சொல்லும் என்றார். "பாடம் சொன்னவுக பேரை வாயால சொல்லுவாகளா ஐயா?" என்று அண்ணாச்சி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, "மயில் மேல வார சாமி பேருதான்" என்று மன்றாடினார். முருகன் இந்த வார்டில் நிற்கவில்லை என்று சொல்லி அதிகாரி அந்த ஓட்டைச் செல்லாது என்று அடித்துவிட்டார். அடுத்து மிஷன் பள்ளிக்கூடத்து நேசையா வாத்தியார், "அவுக வீடு இருக்க திசையைக் காட்டுதேன், எழுதிக்கிடுங்க" என்றார். இப்படியே அறுபத்திரண்டும் போயின. அம்மையப்பன் பேரைச் சொல்ல எவனுக்கும் கூச்சமில்லை, பத்தொன்பது பேர் சொல்லிவிட்டார்கள். மாமாவுக்கு விழுந்தது ஒன்று. அதுவும் அம்மையப்பன் ஓட்டு! அதிகாரி "யாருக்கு?" என்று கேட்கையில், அந்தப் பயல் பின்னால் திரும்பி மாமா பேரை மொட்டையாகச் சொல்லி, "எங்கவே அந்தக் கிழம்? வரச் சொல்லும்" என்று கத்தினான். அதிகாரி காதில் பேர் விழுந்ததும் எழுதிக்கொண்டார். மரியாதை உள்ளவனெல்லாம் தோற்கடிக்கிறான், மரியாதை கெட்டவன் ஓட்டுப் போடுகிறான். இது என்ன தேர்தல் அத்தான்?

மாமாவுக்கோ எவ்வளவு சொன்னாலும் ஏறவில்லை. "நாப்பது வருசம் பாடம் சொன்னேன். அம்மையப்பனைத் தவிர ஒருத்தனுக்கும் என்னைப் பிடிக்கலையேலே" என்கிறார்கள். கஞ்சியைத் தொடவில்லை. கோமு என்னோடு பேசுவதில்லை. "எங்கப்பாவை இப்படி ஆக்கிட்டாகளே" என்று அடுக்களைப் பாத்திரங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். எனக்கும் நெஞ்சு பொறுக்கவில்லை.

ஆகவே கலெக்டருக்கு மனு தயார் செய்திருக்கிறேன். மறுதேர்தல் வேண்டும், பேரை எழுதிக்கொடுக்க அனுமதி வேண்டும். இன்னும் ஒரு வாரம்தான் கெடு. சொல்லத்தானே கூச்சம், எழுதுவதில் என்ன கூச்சம்? படித்தவர்களே ஒரு பேருக்கு இப்படி நடுங்குவதை நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது.

தங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு வந்தனமும் குழந்தைகளுக்கு ஆசியும் சொல்லவும்.

இப்படிக்கு,
சிவசண்முகம்

பி.கு.: மனுவை இத்துடன் வைத்திருக்கிறேன். மாமா பேர் வரவேண்டிய நான்கு இடங்களில் கோடு போட்டிருக்கிறேன். மூன்று தரம் பேனாவை மையில் தொட்டேன், கை ஓடவில்லை. மாமனார் பேரை மருமகன் எப்படி எழுதுவது? தாங்கள் அவர்கள் பெற்ற பிள்ளை, எழுதினால் தோஷமில்லை. நிரப்பி உடனே கலெக்டருக்கு அனுப்பவும். அன்று அதிகாரி என்னையும்தான் கேட்டார். "கோமுவோட அப்பாவுக்கு" என்றேன். இதைக் கோமுவுக்கு எழுதிவிட வேண்டாம்.