மச்சான் கலரும் என் கிராபிக்ஸ் கார்டும்

போன மாசம் ஒரு சனிக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலைதான். மச்சான் தினேசோட ரிசப்ஷனுக்கு பேனர் டிசைன் பண்ணி, மதியத்துக்குள்ள குமணன்சாவடி பிரிண்டிங் கடையில குடுக்கணும். சாயங்காலம் மண்டப வாசல்ல அது நிக்கணும்.

இந்த வேலையை யாரும் என் தலையில கட்டலை. நானா வாங்கிக்கிட்டேன்.

நாங்க குடியிருக்கறது நூம்பல்ல, மாமியார் வீட்டு மாடியில. அதனால மரியாதையை அப்பப்போ சம்பாதிச்சு வெச்சுக்க வேண்டியிருக்கு.

"கடையிலயே டிசைனும் பண்ணிக் குடுத்துடுவாங்க"ன்னு பொண்டாட்டி சுமதி சொன்னா.

"நான் ஒருத்தன் இருக்கும்போது கடைக்காரன் எதுக்கு?"

அவ ஒரு பார்வை பார்த்துட்டு உள்ள போயிட்டா.

என்கிட்ட இருக்கறது ஒரு பழைய டெஸ்க்டாப். அதுல திரைக்குப் படம் அனுப்பற கிராபிக்ஸ் கார்டு எங்க கல்யாணத்துக்கும் மூத்தது. கம்ப்யூட்டர்ல விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ்னு இலவச சிஸ்டம் போட்டு வெச்சிருக்கேன். வைரஸ் வராது, காசு கேக்காது, எவனுக்கும் அடிமை இல்லைன்னு காதுகுத்துல இருந்து கருமாதி வரைக்கும் எல்லா விசேஷத்துலயும் பேசியிருக்கேன். பந்தியில இப்பெல்லாம் என் பக்கத்து இலையில யாரும் உக்கார்றதில்லை.

காலையில மாமியார் மேல வந்தாங்க.

"மாப்ளே, ஒண்ணே ஒண்ணு தான். கொய்ந்த கொஞ்சம் கலரா தெரியணும்."

கொய்ந்தைன்னா தினேசு, தொப்பை இருக்கு. முன்மண்டையில முடி இல்லை. ஆனா அவங்க கேட்டது நியாயம்தான். பொறந்தநாளோ, காரியமோ, பேனர்னு வந்துட்டா மூஞ்சிக்கு ரெண்டு கோட்டிங் வெள்ளையடிக்கறதுதான் நம்ம ஊர் மரியாதை. வெயில்ல அலைஞ்சு கறுத்த ஏரியா மொத்தமும் பேனர்ல மட்டும் ஊட்டியில பொறந்த மாதிரி சிரிக்கும்.

"பண்ணிடலாம் அத்தை"ன்னேன்.

உக்காந்தவன் நேரா வேலையைப் பார்த்திருக்கணும். திரை ஓரத்துல 'அப்டேட் இருக்கு'ன்னு ஒரு அறிவிப்பு. லினக்ஸ்காரனால அதைப் பார்த்துட்டு சும்மா இருக்க முடியாது. அமுக்கினேன். ரீஸ்டார்ட் பண்ணேன்.

திரை கறுப்பாச்சு. கறுப்பாவே இருந்துச்சு.

போனை எடுத்து எங்க லினக்ஸ் குழுவுல கேட்டேன். "இந்த கார்டுக்கு கம்பெனிக்காரன் டிரைவர் தர்றதை எப்பவோ நிறுத்திட்டான், புது அப்டேட்ல ஓடாது"ன்னார் ஒருத்தர். டிரைவர்னா கார்டை ஓட்டற சாஃப்ட்வேர். "வேலை இருக்கற அன்னிக்கு எவனாவது அப்டேட் பண்ணுவானா?"ன்னார் இன்னொருத்தர். மூணாவது ஆளு, "பழைய இரும்புக்குப் போட்டுடுங்க ப்ரோ."

நானும் போன வாரம் வேற ஒருத்தருக்கு இதே பதிலைத்தான் எழுதினேன். அப்போ நல்லா இருந்துச்சு.

மாமியார் எட்டிப் பார்த்தாங்க. "இன்னா மாப்ளே, கரண்ட் இல்லியா?"

"வேலை நடந்துக்கிட்டு தான் இருக்கு அத்தை."

இருட்டுத் திரை முன்னாடி உக்காந்து கீபோர்டைத் தட்டிக்கிட்டு இருந்தவனை கொஞ்ச நேரம் பார்த்தாங்க. கீழ போய், "அவருக்கு டீ போட்டுக் குடு, ஒரு மாதிரி கீறாரு"ன்னு சுமதிகிட்ட சொல்லியிருக்காங்க.

கிராபிக்ஸ் கார்டை எழுப்பாமலே கம்ப்யூட்டரைக் கிளப்ப ஒரு வழி இருக்கு. அதைப் பண்ணேன். திரை வந்துச்சு. ஆனா எல்லாமே பூதம் மாதிரி பெருசு. மச்சான் போட்டோவைத் திறந்தா மூக்கும் மீசையும் மட்டும்தான் அடங்குது.

கடைசியில கம்பெனி டிரைவரைப் பிடுங்கிப் போட்டுட்டு, ஆர்வக்காரங்க எழுதின இலவச டிரைவரை ஏத்தினேன். திரை முழுசா, பளிச்சுனு வந்துச்சு. கொஞ்சம் கூடுதலாவே பளிச்சு. கறுப்பா இருக்க வேண்டியதெல்லாம் சாம்பலா வெளுத்துக் கிடந்துச்சு. அதுக்கு ஒரு செட்டிங் மாத்தணும்னு எனக்குத் தெரியும். ஆனா மதியம் ஆயிடுச்சு.

மச்சான் போட்டோவைத் திறந்தேன். ஆளு ஏற்கெனவே பால் மாதிரி கலரா இருந்தான். ஸ்டூடியோக்காரனே வெள்ளையடிச்சு அனுப்பியிருக்கான்னு நெனச்சுக்கிட்டேன். நம்ம வேலை மிச்சம். பொண்ணு போட்டோவும் அப்படியே.

மாமியாரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"என் கண்ணே பட்டுடும் போல கீதே"ன்னு திரைக்கு நெட்டி முறிச்சாங்க. "ஊட்டுக்கு இப்டி ஒரு ஆம்பள வேணும்"னு சுமதியைப் பார்த்து வேற சொன்னாங்க. இத்தனை வருஷத்துல அவங்க வாயால அதை நான் கேட்டதே இல்லை. சந்தோஷத்துல எனக்குப் பசிக்கவே இல்லை.

கடைக்காரர் பென்டிரைவை வாங்கிக்கிட்டு, "மூஞ்சிக்கு கலர் ஏத்திடவாண்ணா?"ன்னாரு.

"கை வெக்காதே. அப்படியே அடி."

சுருட்டிக் குடுத்ததை பைக்ல கட்டிக்கிட்டு நேரா வேலப்பஞ்சாவடி மண்டபம். பசங்க கட்டுக்கம்பத்துல ஏறி பேனரை அவுத்து விட்டாங்க.

தினேசு நின்னான். அச்சு அசல் தினேசு. நெத்தி, கன்னம், கழுத்து எல்லாம் கடவுள் குடுத்த அதே கலர். பக்கத்துல பொண்ணு, அவங்க அப்பா அம்மா குடுத்த கலர்ல. என் திரை வெளுத்துப் போனதை நான் ஆளோட வெளுப்புன்னு நம்பியிருக்கேன்.

"இன்னா மாப்ளே இது? ஆரு இவன்?"

"தினேசு தான் அத்தை."

"என் புள்ள இப்டியா கீறான்?"

அந்தப் புள்ள அப்போ பேனருக்குக் கீழயே, மேக்கப்புக்குப் போறதுக்கு முன்னாடி, கைலியோட நின்னுக்கிட்டு இருந்தான். சொந்தக்காரங்க அவனைப் பார்த்தாங்க. பேனரைப் பார்த்தாங்க. மறுபடி அவனைப் பார்த்தாங்க. ரெண்டுக்கும் நூலளவு வித்தியாசம் இல்லை. நல்லா பார்த்து முடிச்சுட்டு, எல்லாரும் சேர்ந்து பேனர்தான் தப்புன்னாங்க.

முகப்பேர்ல இருந்து வந்திருந்த பொண்ணோட அப்பா என் தோள்ல கை வெச்சார். "எங்க பொண்ணு மேல உங்களுக்கு என்ன கோவம் தம்பி?"

"மாமா, இன்னிக்குப் பார்த்து இப்டி பண்ட்டீங்களே"ன்னான் தினேசு. கண்ணு கலங்கியிருந்துச்சு. 'டேய், உன் மூஞ்சிடா இது'ன்னு தொண்டை வரைக்கும் வந்துச்சு. மாடியில குடியிருக்கோம்கறது ஞாபகம் வந்து முழுங்கிட்டேன். அவமானமாவும் இருந்துச்சு, ஆத்திரமாவும் இருந்துச்சு. எது யார் மேலன்னுதான் தெரியலை.

கடைக்காரருக்கு போன் போட்டோம். ரெண்டு கோட்டிங் அடிச்சு அவர் அனுப்பின புது பேனரை, கூட்டம் வர்றதுக்குள்ள கட்டியாச்சு. அதுல மாலையோட நின்ன வெள்ளைக்காரர் யாருன்னு எனக்கு சத்தியமா தெரியலை. "இப்ப தான் என் புள்ள மாதிரி கீறான்"னு மாமியார் மூக்கை உறிஞ்சிக்கிட்டாங்க.

மறுநாள் அவங்களை உக்கார வெச்சு விளக்கினேன். பழைய கார்டு, ஓடாம போன டிரைவர், திரையோட வெளுப்பு, எல்லாம். தலையை ஆட்டி ஆட்டி பொறுமையா கேட்டாங்க. புரிஞ்சுடுச்சுன்னுதான் நெனச்சேன்.

சாயங்காலம் வாசல்ல பக்கத்து வீட்டம்மாகிட்ட சொல்லிக்கிட்டு இருந்தாங்க: "எங்க மாப்ள கம்ப்யூட்டர்ல லினக்ஸ்னு என்னமோ ஒண்ணு கீதாம்மா. அதுல போட்டோ போட்டா ஆளு கறுத்துடறான்."