கேசவனுக்கு ஒரு வேலி

"விட்டுடாதீங்க சார், விட்டுடாதீங்க!" என்று கேசவன் கத்தி முடிப்பதற்குள் மரத் தட்டி இரண்டு தூண்களுக்கும் நடுவே பொத்தென்று விழுந்து, கறிவேப்பிலைச் செடியை அமுக்கிக்கொண்டு படுத்தது.

சத்யநாராயணன் டேப்பை எடுத்து மறுபடி அளந்தார். தூணுக்கும் தூணுக்கும் இடைவெளி ஆறடி. தட்டியும் ஆறடி. கணக்கு சரிதான். கான்கிரீட் தூணின் பக்கவாட்டில் மேலிருந்து கீழ்வரை ஓடும் காடிப் பள்ளத்துக்குள் தட்டியின் ஓரம் நுழைய வேண்டும், அதற்குக் கொஞ்சம் மரம் கூடுதலாக வேண்டும் என்பது மட்டும் ஆயுள் முழுக்கக் கணக்கு வாத்தியாராக இருந்தவருக்குத் தோன்றவில்லை.

"காடிக்குள்ள போற அளவை விட்டுட்டீங்க சார்."

"தெரியும்."

"தெரிஞ்சேவா விட்டீங்க?"

சத்யநாராயணன் பல்லைக் கடித்தார். இந்த மனுஷனைத் தடுக்கத்தானே வேலியே!

முடிச்சூரில் அவர் வீட்டுப் பின்பக்கம் வேலியாக இருந்த சிமென்ட் பலகைகளை 2015 வெள்ளம் கொண்டுபோயிருந்தது. தூண்கள் மட்டும் மிஞ்சின. அந்தச் சந்து வழியாகத்தான் பின்மனைக் கேசவன் தினமும் காலையில் நுழைவார். ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். உட்கார்ந்தால் வண்டலூரில் டிக்கெட் இல்லாமல் மாட்டிய மாப்பிள்ளையில் ஆரம்பித்து மத்தியானம்வரை ஓட்டுவார். இத்தனை வருஷம் எட்டிப் பார்க்காதவர், சத்யநாராயணன் ஓய்வு பெற்ற இரண்டாவது வாரத்திலிருந்து ஒரு நாள் தவறவில்லை.

சத்யநாராயணனுக்கு அதுதான் வயிற்றெரிச்சல். ஓய்வுக்குப் பிறகு மனைவி ஸ்ரீவித்யாவுக்குச் சமையலில் ஒத்தாசையாக இருக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. முதல் வாரமே அஞ்சறைப் பெட்டியைக் காலி செய்து அகர வரிசையில் அடுக்கிக் கொடுத்தார். குக்கர் பக்கத்தில் நின்று விசில் எண்ணினார். கடுகு எத்தனை வெடிக்கிறது, எத்தனை வெடிக்காமல் வீணாகிறது என்று சதவிகிதம் சொன்னார். அவளுக்கு எவ்வளவு உதவியாக இருந்திருக்கும்! அதற்குள் கேசவன் வந்து வாய்த்தார்.

கேசவன் வீட்டு வாசல் அடுத்த தெருவில். வேலி வந்துவிட்டால் மெயின் ரோடு வரை போய்ச் சுற்ற வேண்டும். அவருக்கோ முழங்கால் வலி, ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பவே முனகுவார். தீர்ந்தது தொல்லை. ஆனால் தட்டியைத் தூக்கித் தூணுக்கு மேலே கொண்டுபோய்க் காடிக்குள் இறக்க இரண்டு பேர் வேண்டும். வேறு வழியில்லாமல் கேசவனையே கூப்பிட்டார்.

"வேலி எதுக்குங்க இப்போ? காத்தாவது வந்துக்கிட்டிருந்தது," என்று சொல்லிக்கொண்டே ஸ்ரீவித்யா காபி கொண்டுவந்தாள்.

சத்யநாராயணன் தன் டம்ளரையும் கேசவன் டம்ளரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அவருக்கு மட்டும் முதல் டிகாஷன். எனக்குக் கழுவின தண்ணியா?"

"அவர் விருந்தாளிங்க."

"தினம் வர்றவர் எப்படி விருந்தாளி?"

ஸ்ரீவித்யா அடுப்பைப் பார்க்க உள்ளே போய்விட்டாள்.

தட்டிகளின் இரண்டு ஓரத்திலும் ரீப்பர் கட்டை அடித்து நீளத்தைக் கூட்டினார். ஸ்டூல் மேல் ஏறி, ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கி இறக்கினார்கள். முதல் தட்டி சர்ரென்று உட்கார்ந்தது. சத்யநாராயணனுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போது காற்று வீசியது.

கடகடகடவென்று தட்டி ஆடியது. சிமென்ட் பலகைக்காகச் செய்த காடி அது. இவர் மரமோ அதில் பாதி கனம்தான். மறுநாள் கேசவன் விடியற்காலையிலேயே வந்துவிட்டார்.

"அந்தச் சத்தத்துல தூக்கமே வரலை சார். சரி, சும்மா படுத்துக்கிட்டு இருக்கறதுக்கு உங்ககிட்ட பேசலாமேன்னு வந்தேன்."

உடனே ஆப்பு செதுக்கினார் சத்யநாராயணன். காடியில் இருந்த இடைவெளியில் ஆப்பை வைத்துச் சுத்தியலால் போட்டார். ஆட்டம் குறைந்தது. இன்னும் ஒரு போடு. இன்னும் ஒன்று.

"போதும் சார், தூண் நகருது," என்றார் கேசவன்.

"தூண் நகருமா? கான்கிரீட்!"

ஓங்கி ஒரு போடு போட்டார். வெள்ளத்தில் அடிமண் இளகியிருந்த தூண் மெதுவாகத் தலை சாய்ந்தது. அடுத்த தட்டி காடியிலிருந்து கழன்று, அந்தப் பக்கம் நிறுத்தியிருந்த கேசவனுடைய ஸ்கூட்டர் மேல் விழுந்தது. ஹேண்டில் ஒரு பக்கமும் சக்கரம் ஒரு பக்கமும் திரும்பிக்கொண்டன.

"பரவாயில்லை சார்," என்றார் கேசவன் பெருந்தன்மையாக. "வண்டி ரெடியாகறவரைக்கும் எனக்கு எங்கயும் போற வேலை இல்லை. முழு நாளும் இங்கேயே இருக்கேன்."

சத்யநாராயணனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தூணை நிமிர்த்தினார். அடியில் ஜல்லியும் சிமென்ட்டும் கொட்டி இறுக்கினார். அது காய்ந்து இறுகும்வரை மூன்று வேளையும் கேசவனின் கதைகளைக் கேட்டார். பிறகு ஆப்பைத் தூக்கி எறிந்துவிட்டு, பழைய சைக்கிள் ட்யூபைப் பட்டையாக வெட்டி, மடித்து, காடிக்குள் தட்டியின் இரண்டு பக்கமும் திணித்தார். காற்று வீசியது. தட்டி அசையவில்லை. கேசவன் தோளால் முட்டிப் பார்த்தார். அப்போதும் அசையவில்லை. கடைசித் தட்டியையும் இறக்கி, யாரும் மேலே தூக்கிக் கழற்றாதபடி தூண் தலையில் இரும்புப் பட்டி வைத்து முடுக்கியாயிற்று.

"பிரமாதம் சார்!" என்று கை தட்டிய கேசவன் சுற்றுமுற்றும் பார்த்தார். "நான் இப்போ எந்தப் பக்கம் நிக்கறேன்?"

சத்யநாராயணன் பக்கம்தான் நின்றார்.

"கவலையே படாதீங்க, நான் கொண்டு விடறேன்!" சத்யநாராயணன் தன் வண்டியில் அவரை ஏற்றி, மெயின் ரோட்டைச் சுற்றி, அவர் வாசலில் இறக்கிவிட்டு, திரும்பும்போது வாய்விட்டுப் பாடிக்கொண்டே வந்தார். அவர் பாடி முடிச்சூரில் யாரும் கேட்டதில்லை.

"வித்யா! நாளையிலேருந்து காலை பூரா உன்கூடத்தான்! முதல்ல ஃபிரிட்ஜை ஒழுங்கு பண்ணுவோம்!"

சமையலறையில் கரண்டி ஒன்று கீழே விழுந்த சத்தம் கேட்டது. சந்தோஷம் தாங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தபடி அவர் பின்பக்கம் போய், வேலியோரம் குனிந்து, நசுங்கிய கறிவேப்பிலைச் செடிக்குக் குச்சி நட்டுக் கட்டினார்.

பாத்திரம் தேய்க்க வந்த செல்லம்மா அவரைக் கவனிக்கவில்லை. வேலியை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சமையலறை ஜன்னலில் தலையை நீட்டினாள்.

"யக்கா, வேலி சோக்கா கீது! ஆனா சாரு கிச்சனுக்குள்ள வராம புடிச்சு வச்சிகினு பேசத்தானே கேசவன் சாருக்கு டெய்லி முதல் டிகாஷன் குடுத்துகினு இருந்தீங்க, இனிமே இன்னா பண்ணப் போறீங்க?"