கேன் அனுப்பாதே மச்சான்

அன்புள்ள மச்சான் பாரிக்கு,

திருவொற்றியூரிலிருந்து உன் அக்கா புருஷன் கோதண்டம். இங்கே எல்லோரும் சௌக்கியம். அங்கே உன் குடும்பமும் உன் மீன்பாடி வண்டியும் பழுதில்லாமல் ஓட அந்த அம்மன் துணை இருக்கட்டும். இதோ இருக்கிற வண்ணாரப்பேட்டைக்குக் கடிதமா என்று கேட்பாய். போனில் சொன்னால் "சரி மாமா" என்கிறாய், மறுநாளே வாசலில் ரெண்டு கேன் வந்து நிற்கிறது. அதனால் எழுத்திலேயே சொல்கிறேன். நீ செய்து விற்கிற பினாயில், ஆசிட் எதுவும் இனி என் வீட்டுக்கு வரக்கூடாது.

மாசி மாதம் உன் அக்கா கன்னியம்மா உன் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் பாத்ரூமில் ஒன்றாகக் கொட்டித் தேய்த்து, மூச்சு முட்டி வெளியே வந்து விழுந்தாளே, முப்பத்தோரு வருஷம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியும் நான் அப்படிப் பயந்ததில்லை. டாக்டர் மெஹ்னாஸ் அம்மா, வீட்டுக்குள் அந்த நெடியே ஆகாது என்று சொல்லிவிட்டார். ஆனால் இந்த ஊரில் தரை துடைக்காமல் முடியுமா? காலையில் துடைத்தால் மத்தியானம் உள்ளங்கால் கரி. சமையல்கட்டில் இருப்பதை வைத்து நானே செய்வது, நானே துடைப்பது என்று முடிவு கட்டினேன்.

முதலில் வினிகரையும் ஆப்பசோடாவையும் கலந்து, பொங்கி வீணாகக்கூடாதே என்று பாட்டிலில் ஊற்றி இறுக்கி மூடினேன். மூடி பறந்து சுவர்க் கடிகாரத்தை அடித்தது. அது இன்றுவரை பத்தேகாலில் நிற்கிறது. நான் அசரவில்லை. சித்திரையில் எலுமிச்சந்தோல், வெல்லம், தண்ணீர் மூன்றையும் நீல டிரம்மில் போட்டு, தினமும் மூடியைத் திறந்து காற்று விட்டு, மூணு மாசம் ஊற வைத்தேன். வெல்லமெல்லாம் புளித்துக் கரைந்து, தரை துடைக்கிற தண்ணீர் தயார். ஆடி வெள்ளி வந்தது. தெருவில் அம்மனுக்குக் கூழ் ஊத்துறாங்க, பானகம் நம்ம வீட்டுப் பொறுப்பு. உன் அக்கா அதை இன்னொரு நீல டிரம்மில் கரைத்து, என்னுடையதற்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டாள். பந்தல் போடும் செல்வநாதன் வந்து ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனான். மிச்சம் இருந்ததில் ரெண்டு சொம்பு எடுத்து நான் வீடு பூரா துடைச்சேன். கந்தகமும் உரமும் இறக்கி என் மூக்கு எப்பவோ செத்துப்போச்சு, வாசனை எங்கே தெரியும்? அரை மணியில எறும்பு, மச்சான். சாரை சாரையா. செருப்பு தரையோட ஒட்டிக்கினு வரமாட்டேங்குது. அப்பத்தான் எனக்கு ஒறைச்சுது, பந்தல்ல ஜனம் குடிக்கிறது இன்னான்னு.

லுங்கிய மடிச்சுக் கட்டிக்கினு ஓடினேன். டிரம் காலி. செல்வநாதன் கையில ரெண்டாவது டம்ளர். "இன்னா மாமா, அக்கா கைப்பக்குவமே தனி. வயிறெல்லாம் கழுவி வுட்ட மாதிரி கீது" என்கிறான். எதிர் வீட்டு கார்குழலி, "இதுல இன்னா போட்டீங்க, எனக்கும் சொல்லுங்க" என்று விடமாட்டேன் என்கிறாள். தரை துடைக்கிற தண்ணின்னு எந்த வாயால சொல்றது? சுக்கு என்று சொல்லிவிட்டு வந்தேன். தெருவில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று தெரிய ரெண்டு நாள் ஆனது, அதுவரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்காக விட்டுவிடுவேனா? அடுத்த டிரம் போட்டாயிற்று. "தரைக்கு மட்டும்" என்று பெயிண்டில் பெரிதாக எழுதியும் வைத்துவிட்டேன். பக்கத்து வீட்டு ரஹீமுன்னிசா அம்மாவே, "உங்க வாசலாண்ட வந்தாலே சுத்தம் தெரியுது" என்று சொன்னார்கள். உன் அக்கா இப்போது மாடிப்படி ஏறி வந்து, நடுவில் ஒரு தடவைகூட இருமாமல், முழு மூச்சில் என்னைத் திட்டுகிறாள். அதைக் கேட்க எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருக்கிறது என்று உனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆகவே கேன் அனுப்பாதே. இதுதான் முடிவு.

உன் வீட்டுக்காரிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசீர்வாதம். வண்டியை நிதானமாக ஓட்டு.

இப்படிக்கு,
கோதண்டம்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் பசை தேடி அரிசி டப்பாவுக்குப் பின்னால் கையை விட்டேன். உன் பினாயில் கேன், முக்கால்வாசி காலி. உன் அக்காவைக் கேட்டால், "வூட்டுக்குள்ள ஒரு சொட்டு வுடல. நீ தொடச்சு முடிச்சதும் வாசப்படிக்கு வெளிய ஒரு மூடி தெளிப்பேன், அவ்ளோதான். அந்த வாசனை வரலன்னா, இந்த வூட்ல தரையே தொடைக்கிறதில்லன்னு ரஹீமுன்னிசா நெனச்சுக்க மாட்டாளா?" என்கிறாள். முட்டி தேயத் துடைத்தது நான், பேர் வாங்கியது உன் பினாயில். ஒரு கேன் அனுப்பு மச்சான். சின்னது. வாசப்படிக்கு மட்டும்.