பாட்டிலுக்கு அடியில் ஒரு சிவப்புப் பொட்டு

உங்கள் வீட்டுக்காரர் என்றைக்காவது ஒரு குட்டி பாட்டிலை நீட்டி, "புள்ள, இதுல கொஞ்சம் ஒன்னுக்குப் பிடிச்சுக் குடு" என்று கேட்டிருக்கிறாரா? கேட்டதில்லையா? அப்படியானால் நீங்கள் ஆராய்ச்சி மாப்பிள்ளையைக் கட்டிக்கொள்ளவில்லை. தப்பித்தீர்கள்.

நான் கட்டிக்கொண்டேன். பெயர் பூவரசன். பாடாலூரில் பஸ் ஏறித் திருச்சிக்குப் போய் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறார். என்ன ஆராய்ச்சி என்று கேட்டுவிட்டால் போதும், சட்டைப் பொத்தான் தெறிக்கிற மாதிரி நெஞ்சு விரியும்.

"இரும்பு துருப்பிடிக்குதுல்ல? அது மாதிரி புகை பட்டா உடம்புக்குள்ள இருக்கற டிஎன்ஏவும் துருப்பிடிக்கும். அந்தத் துரு ஒன்னுக்குல வெளிய வரும். அதைப் பிடிக்கறதுக்கே நான் ஒரு டிஎன்ஏ நூல் செஞ்சிருக்கேன். நம்ம பாப்பா மூடுன கைய மிட்டாயைக் கண்டா விரிக்கறாள்ல? துருவைக் கண்டா என் நூலும் விரியும். உள்ள ஒளிச்சு வெச்ச சாயம் பளிச்சுன்னு மின்னும்!"

"அடேங்கப்பா! எந்தப் புகையா இருந்தாலுமா?"

"எந்தப் புகையும் தப்பாது!"

இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நானும் வைத்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் புகைக்குப் பஞ்சமில்லை. மாமனார் பஞ்சநாதன் பீடி. என் விறகடுப்பு. கருவேல முள்ளை ஊதி ஊதிக் கண்ணே அவிந்துபோகும். கேஸ் அடுப்பு கேட்டால், "தீசிஸ் முடியட்டும்" என்பார். அவருடைய சிகரெட்? பாப்பா பிறந்ததும் திருமழபாடி கோயிலில் சூடம் ஏற்றிச் சத்தியம் செய்து விட்டுவிட்டார். ஆனால் சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கும்போது வாயில் ஏலக்காய் வாசனை ஏன் அப்படித் தூக்குகிறது என்றுதான் புரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமனார் சீண்டினார். "ஏன்டா, உன் நூலு வேலை செய்யுதுன்னு யாரு கண்டா?"

"இப்பவே வூட்டுல காட்டறேன். பீடி குடிக்கற உங்களுது ஒன்னு, சிந்தாமணியோடது ஒன்னு."

"உங்களுது?" என்றேன், சிந்தாமணியாகிய நான்.

"எனக்கெதுக்கு?"

"நீங்கதான் விட்டுட்டீங்களே! உங்கப்பன் சுத்தத் தங்கம்னு நாளைக்கு நான் பாப்பாகிட்ட சொல்ல வேணாமா?"

"வைடா, வைடா" என்றார் மாமனார், புகைக்கு நடுவிலிருந்து.

அம்மா வீட்டில் இருந்தபோது நான் சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போனவள். பரிசோதனைக்கு எடுக்கிற பால் அங்கே பாட்டில் மாறிவிடும். தண்ணீர் ஊற்றியவள் நல்லவளாவாள். ஊற்றாதவள் திட்டு வாங்குவாள். அதனால் எங்கள் பாட்டிலுக்கு அடியில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்துவிடுவேன். அன்றும் என் பாட்டிலுக்குக் கை தானாக வைத்துவிட்டது.

ஸ்டிக்கரில் பேர் எழுதி ஒட்டுகிறேன் என்று மூன்று பாட்டிலையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனவர் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே வரும்போது வேர்த்திருந்தது.

நூல் கலந்த மருந்தை ஊற்றினார். ஜன்னலை அடைத்தார். கள்ள நோட்டுப் பார்க்கிற நீல விளக்கைப் போட்டார்.

'பஞ்சநாதன்' பச்சையாக மின்னியது. "பாத்தியாம்மா, என்னுது!" என்று மாமனாருக்கு ஒரே பெருமை.

'பூவரசன்' கரண்ட் போன தெருவாட்டம் கிடந்தது. "சுத்தத் தங்கம்!" என்றார் இவர்.

'சிந்தாமணி' திருவிழா சீரியல் செட் மாதிரி எரிந்தது.

"ஏம்மா," மாமனார் தன் பீடிக் கட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார், "நீ எப்பலேர்ந்து?"

நான் 'பூவரசனை'த் தூக்கி அடியில் பார்த்தேன். என் சிவப்புப் பொட்டு. எந்தப் புகையும் தப்பாது என்றாரே, என் அடுப்புப் புகை மட்டும் தப்பிவிட்டது போல! சண்டை போடலாம்தான். போட்டால் மறுபடி ஒரு சூடம், மறுபடி ஏலக்காய். அதனால் ஓவென்று அழுதேன்.

"என் உடம்பே துருப்பிடிச்சுப் போச்சே மாமா! நான் பீடியா குடிக்கறேன், சுருட்டா குடிக்கறேன்? எல்லாம் இந்த அடுப்புப் புகை!"

"இல்ல புள்ள... நூலு தப்பாக்கூடக் காட்டும்."

"அப்ப உன் ஆராய்ச்சி பொய்யாடா?"

"ஆராய்ச்சி பொய்யில்லப்பா!"

"அப்ப மருமவ உடம்புல துருதானே?"

ஆராய்ச்சி பொய், இல்லையென்றால் ஆள் பொய். எதைச் சொல்வார் பாவம்! "நாளைக்கே கேஸுக்குப் பதிஞ்சுடறேன்" என்றார்.

"அது வர்ற வரைக்கும் அடுப்புக்கிட்ட யாருங்க நிக்கறது?"

கேஸ் இன்னும் வரவில்லை. காலையில் இவர்தான் சோறாக்கிவிட்டு பஸ்ஸுக்கு ஓடுகிறார். தலையெல்லாம் சாம்பல், கண்ணெல்லாம் சிவப்பு. மாமனார் பக்கத்தில் உட்கார்ந்து, "இழுத்து ஊதுடா, உனக்குப் பழக்கம்தானே" என்று உற்சாகப்படுத்துகிறார்.

நேற்று ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டு இருமிக்கொண்டே சொன்னார்: "புள்ள, வூட்டுல பாத்ததை என் புரொபசர்கிட்ட சொன்னேன். நம்ம ரெண்டு பேரு சாம்பிளும் இன்னொரு தடவை எடுத்துட்டு வரச் சொல்றாரு."

"அதுக்கென்னங்க, தாராளமா எடுங்க. இந்தத் தடவை ஸ்டிக்கரை மட்டும் நான் ஒட்டறேன், குடுக்கறீங்களா?"